இரண்டாவது பாவாயி

சிவப்பு எழுத்துகள் மறுபடியும் வந்து நின்றன. இந்தப் பக்க வரிசைகளும் அந்தப் பக்க வரிசைகளும் பொருந்தவில்லை, மூன்று குறைகிறது, ஆகவே அட்டவணை போட மாட்டேன். காலையிலிருந்து இதையேதான் சொல்கிறது. குணசுந்தரி நாற்காலியில் பின்னால் சாய்ந்து திரையைப் பார்த்தாள். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் ஒழுங்காக இருந்தது. அதுவும் ஒரு லூப்தான், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, யாரும் எழுதாமல் ஓடுகிறது, எங்கேயும் தடுக்குவதில்லை. அவள் எழுதிய புரோகிராம்தான் தடுக்குகிறது. நாளைக் காலை டாக்டர் இளவழகன் கோயம்புத்தூர் கருத்தரங்கில் இந்த அட்டவணையைக் காட்ட வேண்டும். சித்திரையில் நடந்த கர்ப்பப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு வந்த பெண்களில் யாருக்கு என்ன முடிவு, யார் திரும்ப அழைக்கப்பட்டார்கள், யார் வந்தார்கள். முடிந்துபோன வேலை. அழைக்க வேண்டியவர்களை எப்போதோ அழைத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அழகாக அடுக்கிக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி, அதற்குத்தான் இத்தனை பிடிவாதம். எதிர் மேசையில் ரெஜினா சிஸ்டர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "என்ன குணா, காலையிலேர்ந்து அதையே மொறச்சுக்கிட்டிருக்க? அது என்ன உன் வீட்டுக்காரரா?" என்றாள். குணசுந்தரி சிரித்தாள். சிரிக்காவிட்டால் ரெஜினா எழுந்து வந்து தோளில் கை வைப்பாள், அதை இன்றைக்குத் தாங்க முடியாது. "அவர மொறச்சதே இல்ல சிஸ்டர். அதனாலதான் ஓசூர் வரைக்கும் போயிட்டாரு" என்றாள். "மொறச்சிருந்தா பெங்களூரே போயிருப்பாரு" என்று ரெஜினா சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

மூன்று குறைகிறது. எந்த மூன்று என்று கேட்டால் இந்த ஆர் சொல்லாது. ஆர். பெயரே இல்லாமல் வெறும் இன்ஷியலோடு திரிகிற ஒரு மென்பொருள், அதனிடம் போய் இவள் பெயர்களைக் கொடுத்தாள். ஒவ்வொரு பெண்ணின் விவரமும் ஓர் உறை மாதிரி, வயது, ஊர், போன் நம்பர், லேப் முடிவு எல்லாம் உள்ளே. உறையின் மேல் அந்தப் பெண்ணின் பெயர். லூப் என்பது ஒரு கடைநிலை ஊழியர் மாதிரி, பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கும், படித்த பெயருள்ள உறையை எடுக்கும், பிரித்துப் பார்க்கும், அடுத்த பெயர். ஒவ்வொருவருக்கும் கொடுத்த கேம்ப் நம்பரை மேலே எழுதலாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். டாக்டர் கையை உயர்த்தி, "நம்பர் வேண்டாம்மா. இவங்க வெறும் எண்கள் இல்ல, பெண்கள். பேரோட இருக்கட்டும்" என்றார். அப்போது அறையில் நன்கொடை கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் உண்மையாகவே தலையை ஆட்டினார். பிறகு அது டாக்டரின் முதல் ஸ்லைடாகிவிட்டது. பெண்கள் எண்கள் அல்லர், மஞ்சள் பின்னணியில், ஒரு தறிக்காரப் பெண்ணின் படத்தோடு. படத்தில் இருப்பவள் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர்கள் என்றால் எளிதா. முகாம் நடந்த பள்ளிக்கூட வராந்தாவில் நான்கு மேசை போட்டு நான்கு பேர் எழுதினார்கள். ஒருத்தி அப்பா இன்ஷியலைப் போட்டாள், ஒருத்தி வீட்டுக்காரர் இன்ஷியலை, இன்னொருத்தி இரண்டையும். சிலர் முன்னால், சிலர் பின்னால். புள்ளியோடு, புள்ளி இல்லாமல், இடைவெளி விட்டு, விடாமல். ஒரே ஆள் பதிவு மேசையில் மா. நல்லம்மாளாகவும் லேப் மேசையில் நல்லம்மாள் பெ. என்றும் இருந்தாள். உறைகள் எதுவும் எதனோடும் சேரவில்லை. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு ஒரு சாயங்காலம் அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். முன்னாலோ பின்னாலோ ஒற்றை எழுத்து வந்தால், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்துவிடு. ஓட்டினாள். ஒரு நொடிதான். அத்தனை பெண்களின் தலையிலிருந்தும் அந்த எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. நல்லம்மாள், ராசம்மாள், செல்லாயி, அருக்காணி, யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக, கழுவி வைத்த பாத்திரங்களைப் போல வரிசையாக. அப்போது அவளுக்குள் ஏற்பட்டது சந்தோஷம்தான். வேறு எந்தப் பெயரையும் அதற்கு வைக்க முடியாது. கல்யாணமான மாதத்தில் பேங்க்கில் ச. குணசுந்தரி வே. குணசுந்தரியானாள், பிறகு ரேஷன் கார்டில், பிறகு ஆதாரில், ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் நின்று அவளே விண்ணப்பித்து வாங்கிக்கொண்ட வே. வேணுகோபால் போன பிறகும் அந்த வே போகவில்லை. மகள் தாரிணிக்கு ஒன்பதாம் வகுப்பில் இன்ஷியலை மாற்றிவிடலாம் என்று சொன்னபோது அது தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "எதுக்கும்மா, எல்லா சர்டிஃபிகேட்லயும் மாத்தணும், அவ்வளவு அலைச்சல் வொர்த்தா?" என்றது. வொர்த்தா. பதினான்கு வயதில் அப்படி ஒரு கேள்வி. மகளிடம் முடியாததை, பேங்க் மேனேஜரிடம் முடியாததை, பெயர் தெரியாத நானூறு பெண்களிடம் ஒரு நொடியில் செய்து முடித்துவிட்டு அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். காற்று நன்றாக அடித்தது.

இதையெல்லாம் எதற்கு இப்போது. அட்டவணை வேண்டும். டாக்டர் காலையிலேயே வழி சொல்லிவிட்டார், "ரெண்டு பக்கத்தையும் சமமாக்கிடும்மா, எரர் போயிடும்." அவருக்குப் புரோகிராம் தெரியாது, ஆனால் சமமாக்கத் தெரியும். அவள் பெயர் வரிசையில் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஓட்டினாள். சிவப்பு இல்லை. அட்டவணை வந்துவிட்டது. இத்தனை நேரம் இதற்கா. கையை நீட்டி நெட்டி முறித்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள். அப்படியென்றால் திரும்ப வந்திருக்கிறது. மூன்று பேர் குறையவில்லை, மூன்று பெயர்கள் இரண்டு இரண்டு முறை வந்திருக்கின்றன. ஆள் ஒன்றாக இருந்து இருமுறை பதிவாகியிருக்கலாம், நிச்சயம் அப்படித்தான் இருக்கும், நான்கு மேசை, நான்கு கை, அந்த வெயில். தண்ணீரைக் குடித்தாள். பாட்டிலை மூடினாள். இல்லையென்றால்? ஒரே பெயரில் இரண்டு உறை இருந்தால் அந்த ஊழியர் என்ன செய்வார்? பெயரைப் படிப்பார், முதலில் கையில் கிடைக்கும் உறையை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். கொஞ்சம் தள்ளி அதே பெயரை மறுபடி படிப்பார். மறுபடி அதே முதல் உறை. அடியில் கிடக்கும் இரண்டாவது உறையை அவர் தொடவே மாட்டார், தொடவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு எரர்கூட வராது. சித்திரையில் யாரை அழைக்க வேண்டும் என்று பொறுக்கி எடுத்ததும் இதே லூப்தான். அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அதனால்தான் அதை நம்பினாள். சத்தம் போடாத எதையும் நம்பிவிடுகிற புத்தி, அது இன்றைக்கு வந்ததில்லை. வேணுகோபால் ஒரு வருஷம் சத்தமே போடாமல் நல்லபடியாக இருந்தான், அந்த ஒரு வருஷமும் ஓசூரில் வாடகை வீடு இருந்திருக்கிறது.

பார்க்காமல் இருந்துவிடலாம். அட்டவணை இருக்கிறது, டாக்டருக்கு அனுப்பிவிட்டு நாலு மணி டீக்குப் போகலாம். இந்த எண்ணம் வந்ததை அவள் கவனித்தாள், வெட்கப்படவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒப்பந்த ஊழியர், ஒப்பந்தத்தைப் பங்குனியில் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் டாக்டர் பேனாவில் இருக்கிறது. ஆனால் விரல்கள் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தன. பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. இடத்தைச் சொல்லிக் கூப்பிடு. முதல் உறை, இரண்டாம் உறை, மூன்றாம் உறை, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, கையில் எடு, பிரி, பார். இவ்வளவுதான் திருத்தம். ஒரு வரி. ஓட்டிவிட்டு, ஒரே பெயரில் இரண்டு இரண்டாக வந்தவர்களை மட்டும் காட்டச் சொன்னாள். இரண்டு நல்லம்மாள்களும் இயல்பு. இரண்டு ராசம்மாள்களும் இயல்பு. பாவாயி, கரட்டுப்புதூர், வயது நாற்பத்தொன்று, இயல்பு. பாவாயி, கரட்டுப்புதூர், வயது நாற்பத்தாறு, உடனே அழைக்கவும். அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். மாறிவிடும் என்பது போல. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சித்திரை, வைகாசி, ஆனி என்று விரல் மடக்க ஆரம்பித்து ஆவணியில் நிறுத்திக்கொண்டாள். உடனே என்று லேப்பில் இருக்கிற அந்தப் பெண் டைப் செய்திருக்கிறாள், உடனே. அந்த உடனே இவளுடைய கம்ப்யூட்டருக்குள் அத்தனை மாதமும் உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலையில் இவள் வந்து இதைத் திறந்து, மூடி, மேலே துணி போர்த்திவிட்டுப் போயிருக்கிறாள்.

"சிஸ்டர், கேம்ப் முடிஞ்சப்ப அவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்டாள். ரெஜினா கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன சொல்றது, எப்பவும் சொல்றதுதான். ஏதாச்சும் இருந்தா ஒரு மாசத்துக்குள்ள போன் வரும். வரலைன்னா ஒண்ணுமில்ல, சந்தோசமா இருங்கன்னு. ஏன்?" என்றாள். சந்தோசமா இருங்க. குணசுந்தரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். ரெஜினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு லூப்பும் உறையும் தெரிய வேண்டியதில்லை, கடைசி இரண்டு சொற்கள் போதும். "கர்த்தரே" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அது யாரு? எனக்கு மொகம் ஞாபகமில்லையே" என்றாள். ஞாபகம் இருந்திருந்தால் ஏதோ செய்திருக்கலாம் என்பது போல இருந்தது அந்தக் குரல். உனக்கு எதற்கு ஞாபகம், உன் வேலை முகம் பார்ப்பதா, ஞாபகம் வைத்துக்கொள்ளத்தானே இந்த மிஷின், மிஷினுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கத்தானே எனக்குச் சம்பளம். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே குணசுந்தரி எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் இளவழகன் ஸ்லைடில் ஒரு படத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாக நின்றது. நல்ல மனிதர்தான், கெட்ட மனிதராக இருந்தால் பேச எளிதாக இருந்திருக்கும். "ஒருத்தர்தானே?" என்றார். "ஒருத்தர்தான் சார்." "ரெண்டாம் ரவுண்டுக்கு வருவாங்கள்ல, அப்பப் புடிச்சுக்க முடியாதா?" "ரெண்டாம் ரவுண்டு தையிலதான் சார். உடனேன்னு போட்டிருக்கு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி. கூப்பிடுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க, நான் கைனக்ல சொல்லி வெக்கறேன். ஆனா மிஸ்டேக்னு எல்லாம் ஆரம்பிக்க வேண்டாம்மா. ரொட்டீன் ஃபாலோ அப்புனு சொல்லுங்க. பயந்துடுவாங்க பாருங்க." பயந்துவிடுவார்கள். யார் என்று அவளும் கேட்கவில்லை. கதவருகே வந்தபோது அவர், "இன்ஷியல எடுத்த அந்த வரி யாரு போட்டது?" என்றார். "நாந்தான் சார்." "ம்" என்றார். நீண்ட, வருத்தமான, அவளுக்கு எதிராக எதையும் சொல்லாத, பங்குனி வரைக்கும் பத்திரமாக இருக்கப்போகிற ஒரு ம். நம்பர் வேண்டாம் என்று சொன்னது யார் சார் என்று அவள் கேட்டிருக்கலாம். வராந்தாவில் நடக்கும்போதுதான் கேட்டாள், மனசுக்குள், மிகத் திருத்தமான சொற்களில். பின்னாலிருந்து, "அட்டவணை வந்துருச்சில்லம்மா?" என்று குரல் வந்தது. "வந்துருச்சு சார்" என்றாள்.

உறைக்குள், வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே, போன் நம்பர் இருந்தது. அதுவும் அத்தனை மாதமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அழுத்தினாள். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு, உடனே, எடுத்துவிடட்டும், எடுக்காவிட்டால் இன்னும் மோசமான காரணம் எதுவும் இருந்துவிடக் கூடாது என்று ஒரு நினைப்பு. இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. எடுத்தார்கள். பின்னால் விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "யாருங்க?" என்று கத்தினாள் ஒருத்தி.

"பாவாயிங்களா? கந்தசாமி வீட்டு பாவாயி?"

"ஆமாங்க. ஏனுங்க, சிலிண்டரா?"

"இல்லீங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து. சித்திரையில பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டோமே."

"இருங்க, தறிய நிறுத்திப்போடறேன்." சத்தம் நின்றது. நின்றதும் அந்தக் குரல் திடீரென்று மிக அருகே, காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. "அதுதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சுங்களே அம்மிணி. போன் வல்லீன்னா சந்தோசமா இருங்கன்னு அந்த நர்சம்மா சொன்னாங்க. நானும் ஒரு மாசம் இந்தப் போனக் கையிலயே வெச்சிருந்தேன், கக்கூஸுக்குக்கூட எடுத்துட்டுப் போனேன்னா பாத்துக்கோங்க. எங்க ஊட்டுக்காரரு கேலி பண்ணுவாரு. அப்புறம் வல்லீன்ன ஒடனே மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சுட்டனுங்க."

ரொட்டீன் என்ற சொல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. மிட்டாய் மாதிரி. குணசுந்தரி அதைச் சொல்லவில்லை, துப்பவும் இல்லை. "இன்னொருக்கா பாக்கணுங்க. நாளைக்கே வரணும்" என்றாள்.

"நாளைக்கேவா?" பிறகு குரல் தெளிந்து, ஓர் உதவி செய்பவளைப் போல, "அது வேற பாவாயியா இருக்குமுங்க. மேக்கு வளவுல ஒருத்தி இருக்கறா, மாரப்பன் மக. அவளுக்குத்தான் எந்நேரமும் இடுப்பு வலி. எனக்கென்னங்க, ரெண்டு சிப்டு தறி ஓட்டறேன். நல்லாப் பாருங்க, மாத்திப் படிச்சிருப்பீங்க" என்றாள். குணசுந்தரியின் லூப் செய்ததைத்தான் இவளும் செய்யச் சொல்கிறாள். பாவாயி என்றதும் அந்த முதல் பாவாயியிடம் போ. என்னை விடு. ஆமாம், மாற்றித்தான் படித்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் அந்தத் தறி மறுபடி ஓடும், இன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். ஒரு ராத்திரி. அதைக் கொடுக்க முடியும் தன்னால், இப்போதைக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

"இல்லீங்க" என்றாள். "அவங்கள அப்பவே பாத்தாச்சு. அவங்களுக்கு ஒண்ணுமில்ல. இது நீங்கதான்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலியோ ஸ்டூலோ நகர்ந்தது. உட்கார்ந்திருக்க வேண்டும். ரெஜினா வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப போன் ஏனுங்க வல்லீ?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சிவப்பு எழுத்து மறைந்த நொடியிலிருந்து தெரியும், டாக்டர் அறையிலும் வராந்தாவிலும் இதற்குத்தான் பதில் கோத்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு வரி எழுதினேன், உங்கள் பேருக்கு முன்னால் இருந்த எழுத்தை எடுத்துவிட்டேன், எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் தயாராக இருந்தன. "உங்க பேருல ரெண்டு பேரு இருந்தாங்களா," என்று தொடங்கினாள், "அதுல கம்ப்யூட்டர் மாத்தி எடுத்துருச்சுங்க." சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

"அட, அது பாவம், மிசினு. அதுக்கென்ன தெரியும்" என்றாள் பாவாயி. சிரிக்க முயன்றாள், பாதியில் அது வேறு ஏதோ ஆகிவிட, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எங்கூரு போஸ்ட்மேனே மாத்தித்தான் குடுப்பாரு. அவளோட சேலைப் பார்சல் எங்கூட்டுக்கு வந்துருச்சு ஒருக்கா. சரி, வந்தர்றனுங்க, மொத பஸ்ஸுக்கே வந்தர்றேன்." "நீங்களாவது பாத்துக் கண்டுபுடிச்சீங்களே அம்மிணி. யாரு பாக்கறாங்க இந்தக் காலத்துல. உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கோணும்."

இப்போது சொல்லலாம். இன்னும் நேரம் இருக்கிறது, போன் காதில்தான் இருக்கிறது, அவள் வைக்கவில்லை, ஏதோ பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

"சரிங்க" என்றாள் குணசுந்தரி. அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டாள்.